ரத்தக்குழாய் அழற்சிக்கு ரத்தத்தில் புரதக் குறிப்பான் தேடும்போது

ஆன்கா (சொந்த வெள்ளணுக்களையே தாக்கும் ஆன்டிபாடி) வகை ரத்தக்குழாய் அழற்சிக்கு, பி செல்களை அழிக்கும் ரிடுக்ஸிமாபும் கொஞ்சம் ஸ்டீராய்டும் எடுத்துக்கொண்டிருப்பவருக்குத் திடீரென்று காய்ச்சல் வருகிறது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஏறியிருக்கிறது. எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு நிழல். நோய் திரும்பிவிட்டதா, அல்லது எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருப்பதால் கிருமி புகுந்துவிட்டதா? முதலாவது என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும். இரண்டாவது என்றால் கூட்டுவதே உயிருக்கு ஆபத்து. சி.ஆர்.பி., அதைப் போன்ற இன்னொரு அழற்சிச் சோதனையான ஈ.எஸ்.ஆர். இரண்டும் இந்த இடத்தில் உதவாது, ஏனென்றால் இரண்டு நிலையிலும் அவை ஏறும். ரத்தப் புரதங்களில் பயோமார்க்கர் (நோய் நிலையைக் காட்டும் குறிப்பான்) தேடுவதற்கு இதைவிட அவசரமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வெளிவரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. நோய் தீவிரமாக உள்ளவர்கள் ஒரு பக்கம், ஆரோக்கியமானவர்கள் மறுபக்கம், நடுவில் ஆயிரம் புரதங்கள். இப்படி ஒப்பிட்டால் 200 புரதங்கள் வித்தியாசம் காட்டும். அவற்றில் கணிசமானவை கல்லீரல் எந்த அழற்சிக்கும் சுரக்கும் புரதங்களாகத்தான் இருக்கும். நிமோனியா நோயாளிகளை வைத்துச் செய்திருந்தாலும் ஏறக்குறைய அதே பட்டியல்தான் வந்திருக்கும். எந்தக் கருவியில் அளந்தோம் என்பதைவிட யாரோடு ஒப்பிட்டோம், ரத்தம் எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்பவைதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. இதை விளக்கத்தான் இந்தப் பதிவு.

ஏற்கெனவே கையில் இருப்பதை முதலில் பார்த்துவிடலாம். நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள், அதாவது ஆன்கா, 1982-இல் முதலில் விவரிக்கப்பட்டன. 1985-இல் அவை இன்று ஜி.பி.ஏ. என்று அழைக்கப்படும் ரத்தக்குழாய் அழற்சியோடு இணைக்கப்பட்டன. இந்த ஆன்டிபாடிகள் குறிவைக்கும் பி.ஆர்.3, எம்.பி.ஓ. ஆகிய இரண்டு நியூட்ரோஃபில் புரதங்களுக்கான பரிசோதனை, நோயைக் கண்டறிவதில் இன்றும் மிக வலுவான ஆயுதம். 2017-இல் வந்த சர்வதேச ஒருமித்த கருத்து, ஃபுளோரசன்ஸ் நுண்ணோக்கிச் சோதனைக்குப் பதில் இந்த இரண்டையும் நேரடியாக அளப்பதையே முதல் சோதனையாக வைக்கச் சொன்னது. ஆனால் கண்டறிவது வேறு, கண்காணிப்பது வேறு. சிலருக்கு ஆன்கா ஏறி மாதக்கணக்காக ஒன்றும் நடக்காது. சிலருக்கு ஏறாமலேயே நோய் திரும்பும். ஜி.பி.ஏ., அதே குடும்பத்தைச் சேர்ந்த எம்.பி.ஏ. நோயாளிகளில் சுமார் பத்தில் ஒருவருக்கு ஆன்காவே இருக்காது. அந்தக் குடும்பத்தின் மூன்றாவது நோயான இ.ஜி.பி.ஏ.-யில் பாதிப் பேருக்கும் மேல் இருக்காது. ஆன்கா எண்ணை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டுவது சரியல்ல என்பது இதனால்தான்.

பெரிய தமனிகளைத் தாக்கும் ஜெயன்ட் செல் ஆர்டரைட்டிஸில் சிக்கல் வேறு மாதிரி. அதற்குத் தரும் டோசிலிசுமாப் என்ற மருந்து, அழற்சியைத் தூண்டும் ஐ.எல்.-6 என்ற புரதத்தின் ஏற்பியை அடைத்துவிடுகிறது. கல்லீரல் சி.ஆர்.பி.-யைச் சுரக்க ஐ.எல்.-6 வேண்டும். ஆகவே நோய் உள்ளே புகைந்துகொண்டிருந்தாலும் சி.ஆர்.பி. தாழ்ந்தே இருக்கும். ஐ.எல்.-6-ஐயே நேரடியாக அளக்கலாமே என்றால், ஏற்பி அடைபட்டதால் ரத்தத்திலிருந்து நீங்க முடியாமல் அதன் அளவு உயர்ந்துவிடும். அது நோயால் ஏறியதில்லை, மருந்தால் ஏறியது.

மருந்து காட்டும் இந்த மாயையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். ரேவ் என்ற ரிடுக்ஸிமாப் மருந்துச் சோதனையில் சேகரித்த சீரத்தில் 28 புரதங்களை அளந்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. தீவிர நிலையையும் அடங்கிய நிலையையும் நன்றாகப் பிரித்தவை எம்.எம்.பி.-3, டிம்ப்-1, சி.எக்ஸ்.சி.எல்.13 ஆகிய மூன்று புரதங்களும். நல்ல ஆய்வு. நோயாளியை அவரோடே ஒப்பிட்டது அதன் பெரிய பலம். ஆனாலும் வாசிக்கும்போது ஒன்றை மனத்தில் வைத்திருக்க வேண்டும்: அந்த மருந்துச் சோதனையின் முதன்மை இலக்கே 6-ஆம் மாதத்தில் நோய் முழுதாக அடங்கியிருக்க வேண்டும், ப்ரெட்னிசோனும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான். எம்.எம்.பி.-3-ஐ ஸ்டீராய்டு தன்னாலேயே உயர்த்தும் என்பது மற்ற வாத நோய்களில் தெரிந்த செய்தி. தொடக்க மாதிரியில் ஸ்டீராய்டு உண்டு, 6-ஆம் மாத மாதிரியில் இல்லை என்றால், இறங்கியதில் எவ்வளவு நோயின் பங்கு, எவ்வளவு மாத்திரையின் பங்கு? அதே அளவு ஸ்டீராய்டு எடுக்கும், ஆனால் ரத்தக்குழாய் அழற்சி இல்லாத ஒரு குழுவை வைக்காமல் இதற்கு விடை கிடைக்காது.

ரிடுக்ஸிமாபுக்குப் பின் பாஃப் என்ற புரதம் ரத்தத்தில் ஏறும். அதைப் பிடித்துக்கொள்ளும் பி செல்கள் இல்லாமல் போவதுதான் முக்கியக் காரணம். இதையும் நோயின் அறிகுறி என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. ஆகவே ஒவ்வொரு மாதிரியோடும் கட்டாயம் பதிய வேண்டியவை: அன்றைய ஸ்டீராய்டு அளவு மில்லிகிராமில், முந்தைய 7 நாளில் ஊசி வழியாக மெத்தில்பிரெட்னிசோலோன் போனதா, கடைசி ரிடுக்ஸிமாப் தேதி, கிரியேட்டினின், ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கிருமித்தொற்று உண்டா இல்லையா, நோயின் தீவிரத்தைக் காட்ட அன்றே போட்ட பி.வி.ஏ.எஸ். மதிப்பெண். பழைய கோப்பைப் புரட்டி மதிப்பெண்ணைப் பின்னால் போடுவதை நான் நம்புவதில்லை.

கிரியேட்டினின் ஏன்? இந்த நோய் சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீரகம் தளர்ந்தால் அது வடிகட்டி வெளியேற்ற வேண்டிய சிறிய புரதங்கள் ரத்தத்தில் தேங்கும்: பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், சிஸ்டாட்டின் சி, கரையும் டி.என்.எஃப். ஏற்பிகள், இன்னும் பல. தீவிர நிலையில் 'ஏறிய' புரதங்களைப் பட்டியல் போட்டு, பிறகு வடிகட்டல் வேகத்தைக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். பட்டியலின் ஒரு பகுதி அப்படியே கரைந்துவிடும். கணக்கில் திருத்துவதோடு நிறுத்தாமல், நீரிழிவாலோ ரத்த அழுத்தத்தாலோ அதே அளவு சிறுநீரகம் குறைந்தவர்களை ஒப்பீட்டுக் குழுவாக வைப்பதுதான் நேர்மையான வழி. அழற்சியே வடிகட்டலைக் குறைக்கும்போது, கணக்குத் திருத்தம் உண்மையான சமிக்ஞையையும் சேர்த்து அழித்துவிடக்கூடும்.

சிறுநீரகம் மட்டும்தான் கேள்வி என்றால் ரத்தத்தையே விட்டுவிட்டுச் சிறுநீரைப் பார்ப்பது நல்லது. சிறுநீரகத்தின் வடிகட்டியான குளோமெருலஸில் வந்து குவியும் மேக்ரோஃபேஜ் செல்கள் உதிர்க்கும் கரையும் சி.டி.163 என்ற புரதம், சிறுநீரில் ஏறுவது 2016 முதல் நன்கு காட்டப்பட்டிருக்கிறது. அழற்சி நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அளப்பதன் பலன் அது. சிறுநீர்க் கிரியேட்டினினால் வகுத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மூக்கு, நுரையீரல், நரம்பு என்று பரவிய நோய்க்கு மறுபடியும் ரத்தத்துக்குத்தான் வர வேண்டும்.

இனி ரத்தம் எடுக்கும் சோதனைக் குழாய். பணமும் உழைப்பும் அதிகமாக வீணாவது இங்கேதான்.

சீரம் என்பது ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் திரவம். உறையும் அந்த அரை மணி நேரத்தில் தட்டணுக்கள் வி.இ.ஜி.எஃப்., பி.டி.ஜி.எஃப்., சி.டி.40 லிகண்ட் எல்லாவற்றையும் வெளியே கொட்டும். நியூட்ரோஃபில்கள் எம்.எம்.பி.-9-ஐயும் கால்புரோடெக்டினையும் விடும். தீவிர அழற்சியில் தட்டணு எண்ணிக்கை ஏறும். நியூட்ரோஃபில் எண்ணிக்கையை நோயும் ஏற்றும், ஸ்டீராய்டும் ஏற்றும். ஆகவே சீரத்தில் இந்தப் புரதங்களை அளந்தால், உடலுக்குள் ஓடிய ரத்தத்தில் இருந்ததையல்ல, குழாய்க்குள் எத்தனை அணுக்கள் உறைந்தன என்பதைத்தான் பெரும்பாலும் அளக்கிறோம். காம்ப்ளிமென்ட் (எதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதியான ரத்தப் புரதங்கள்) துண்டுகளான சி3ஏ, சி5ஏ என்றால் சீரம் முற்றிலும் உதவாது. உறையும்போதே அவை உருவாகிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு ஈ.டி.டி.ஏ. (ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள்) உள்ள குழாயைப் பனிக்கட்டியில் வைத்து உடனே பிரிக்க வேண்டும். அதற்கென்றே தனிக் குழாய் எடுப்பது நல்லது, ஏனென்றால் குளிர் தட்டணுக்களைத் தூண்டும். ஈ.டி.டி.ஏ.-வுக்கும் ஒரு குறை உண்டு. கால்சியத்தையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்வதால் எம்.எம்.பி.-களின் செயல்பாட்டை அதில் அளக்க முடியாது, புரத அளவை மட்டுமே அளக்கலாம்.

நான் பரிந்துரைக்கும் நடைமுறை இது. 21 எண் ஊசி. கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஈ.டி.டி.ஏ. குழாயை நிரம்ப எடுத்து, குலுக்காமல் 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அறை வெப்பத்தில் நிமிர்த்தி வைத்து ஒரு மணி நேரத்துக்குள், எப்படியும் இரண்டு மணி நேரம் தாண்டாமல், 2000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல 2000 மடங்கு விசையில்) 15 நிமிடம் சுழற்ற வேண்டும். பிளாஸ்மாவை (உறையாத ரத்தத்தில் அணுக்கள் பிரிந்தபின் மேலே நிற்கும் திரவம்) எடுக்கும்போது வெள்ளணுப் படலத்துக்கு மேலே அரை சென்டிமீட்டர் விட்டுவிட வேண்டும். பேராசைப்பட்டுக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினால் தட்டணுக்களும் கூடவே வரும். எடுத்ததை வேறு குழாயில் 2500 ஜி-யில் இன்னொரு 15 நிமிடம் சுழற்றி, அடியில் சிறிது விட்டு, 250 மைக்ரோலிட்டர் சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80-இல் வைக்க வேண்டும். ஒரு குழாயை ஒரே முறைதான் உருக்குவது என்று வைத்துக்கொண்டால் பிறகு சந்தேகமே வராது. தானாகப் பனி நீக்கிக்கொள்ளும் மைனஸ் 20 ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். அது சுழற்சிக்குச் சுழற்சி மாதிரியை லேசாகச் சூடாக்கி மறுபடி உறைய வைக்கும்.

குறிப்பேட்டில் 'ஜி' என்று எழுதாமல் நிமிடச் சுற்று எண்ணிக்கையை எழுதி வைப்பது இன்னொரு வழக்கமான கோளாறு. ஆரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, சுற்று எண்ணின் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118-ஆல் பெருக்கினால் ஜி கிடைக்கும். 16 சென்டிமீட்டர் ஆரமுள்ள கருவியில் 2000 ஜி-க்குச் சுமார் 3350 சுற்று வேண்டும். அதே 3350-ஐ 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள சிறு கருவியில் வைத்தால் சுமார் 1250 ஜி-தான் வரும். இரண்டு மருத்துவமனைகள் ஒரே எண்ணைப் பின்பற்றி, இரு வேறு பிளாஸ்மாக்களை அனுப்புவது இப்படித்தான். நோயாளிகள் ஓரிடத்திலும் ஆரோக்கியமானவர்கள் ரத்த வங்கியிலும் என்றால் நிலைமை இன்னும் மோசம். அங்கே உறைவைத் தடுக்கச் சிட்ரேட் திரவம் உள்ள குழாய் என்றால், அந்தத் திரவமே ரத்தத்தில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்து எல்லாவற்றையும் நீர்த்துவிடும்.

மாதிரி கெட்டிருக்கிறதா என்பதைத் தரவே காட்டிக்கொடுக்கும். கேட்டலேஸ், பெராக்ஸிரெடாக்ஸின்-2, கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-1 மூன்றும் சேர்ந்து ஏறினால் சிவப்பணு உடைந்திருக்கிறது. பி.எஃப்.4-உம் திராம்போஸ்பாண்டின்-1-உம் சேர்ந்து ஏறினால் தட்டணு கலந்திருக்கிறது. ஃபைப்ரினோஜென் சரிந்திருந்தால் குழாயில் ரத்தம் பாதி உறைந்துவிட்டது. ஒரு 'புதிய' பயோமார்க்கர் கிடைத்தவுடன் இந்தக் குழுக்களோடு அது சேர்ந்தே நகர்கிறதா என்று பார்ப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தத்தில் அல்புமின் ஒரு மில்லிலிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவில் இருக்கும், ஐ.எல்.-6 ஆரோக்கியமானவரிடம் சில பிகோகிராம்தான். இடைவெளி ஆயிரம் கோடி மடங்கு. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி பெரும்பாலும் மேல்மட்டத்தைத்தான் பார்க்கும். மிகுதியாக உள்ள 14 புரதங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் ஆழம் கூடும், ஆனால் அல்புமினைப் பிடித்துக்கொண்டிருக்கும் மற்றவையும் அதோடு போய்விடும். ஓலிங்க் முறையில் ஒவ்வொரு புரதத்துக்கும் டி.என்.ஏ. வால் கட்டிய இரண்டு ஆன்டிபாடிகள். இரண்டும் பக்கத்தில் வந்து சேர்ந்தால்தான் சமிக்ஞை. சில மைக்ரோலிட்டர் போதும். கிடைப்பது ஒப்பீட்டு அளவு மட்டும்: ஒரு புள்ளி வித்தியாசம் என்றால் இருமடங்கு, மில்லிலிட்டருக்கு எத்தனை பிகோகிராம் என்று சொல்லாது. சோமாஸ்கேன் இன்னும் பல ஆயிரம் புரதங்களைத் தொடும், ஆனால் ஒவ்வொன்றையும் பிடிப்பது ஒரே ஒரு அப்டாமர் (புரதத்தில் ஒட்டும் சிறு டி.என்.ஏ. இழை). ஒருவரின் மரபணு மாற்றத்தால் புரதத்தின் வடிவம் சற்று மாறினாலும் அளவு மாறியது போலத் தெரியும். தேடும் கட்டத்துக்கு எது இருந்தாலும் சரி. அதில் கிடைத்ததை வேறொரு முறையில் அளந்து உறுதி செய்யாமல் மேலே போகக் கூடாது.

ஆன்டிபாடி அடிப்படையிலான முறைகளுக்கு இந்த நோயில் ஒரு தனித் தொல்லை உண்டு. நோயாளிகளில் பலருக்கு ருமட்டாய்டு ஃபேக்டர் (மற்ற ஆன்டிபாடிகளில் ஒட்டும் ஓர் ஆன்டிபாடி) இருக்கும். புரதத்தை இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவில் வைத்து அளக்கும் சாண்ட்விச் எலிசாவில் பிடிக்கும் ஆன்டிபாடியையும் காட்டும் ஆன்டிபாடியையும் அது நடுவில் நின்று இணைத்துவிடும். புரதமே இல்லாமல் நிறம் வரும். நோய் தீவிரமாகும்போது ருமட்டாய்டு ஃபேக்டரும் ஏறினால் போலிச் சமிக்ஞை அழகாக நோயைப் பின்தொடரும். இந்தக் குறுக்கீட்டைத் தடுக்கும் பொருள் கலந்த கரைசலில் ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மாதிரியை 2, 4, 8 மடங்கு நீர்க்கவைத்து அளந்து, பெருக்கி வரும் விடைகள் ஒன்றுக்கொன்று 80 முதல் 120 சதவீதத்துக்குள் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். நிற்காவிட்டால் ஏதோ குறுக்கிடுகிறது. எம்.பி.ஓ. புரதத்தையே பயோமார்க்கராக அளக்க நினைப்பவர்கள், நோயாளியின் சொந்த எம்.பி.ஓ. ஆன்டிபாடி அந்தப் புரதத்தைக் கருவியிடமிருந்து மறைக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பல குழிகள் கொண்ட சோதனைத் தட்டில் மாதிரிகளை அடுக்குவதற்கும் விதி உண்டு. ஒருவரின் தீவிர நிலை மாதிரியும் அடங்கிய நிலை மாதிரியும் ஒரே தட்டில் இருக்க வேண்டும், எந்தக் குழியில் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க வேண்டும். நோயாளிகள் முதல் தட்டு, மற்றவர்கள் இரண்டாம் தட்டு என்று அடுக்கிவிட்டால், பிறகு எந்தப் புள்ளியியலாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பல மாதிரிகளைக் கலந்து செய்த கட்டுப்பாட்டு மாதிரி ஒவ்வொரு தட்டிலும் போக வேண்டும். அதன் மாறுபாடு 15 சதவீதம் தாண்டும் புரதத்தை நான் பட்டியலில் வைக்க மாட்டேன்.

எத்தனை பேர் வேண்டும்? ஒரு கணக்கு. ஒரு புரதம் தீவிர நிலையில் ஒன்றரை மடங்காகிறது. இரண்டின் லாகரிதத்தில் அது 0.585. ஒரே நபரின் இரு மாதிரிகளுக்கிடையிலான வித்தியாசத்தின் திட்ட விலக்கம் 0.9 என்று வைத்துக்கொள்வோம். முன்கூட்டியே தீர்மானித்த ஒரே புரதம் என்றால் 80 சதவீத வலிமைக்கு (உண்மையான வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) சுமார் 21 ஜோடிகள் போதும். அதையே 1000 புரதங்களில் ஒன்றாகத் தேடி, பல புரதங்களைச் சோதிப்பதற்கான கடுமையான திருத்தத்தோடு கண்டுபிடிக்க வேண்டுமென்றால் 65 ஜோடிகள் தேவை. திருத்தமே செய்யாவிட்டால் 1000-இல் 50 புரதங்கள் தற்செயலாகவே வந்து நிற்கும். பெஞ்சமினி-ஹாக்பெர்க் முறையில், தேறியவற்றில் போலிகளின் பங்கை 5 சதவீதம் என்று வைப்பது தேடும் கட்டத்துக்கு நியாயமான நடுவழி.

அதிகம் ஏமாற்றுவது இதற்கு அடுத்த படிதான். எல்லா மாதிரிகளையும் வைத்து மேலான 10 புரதங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அதே மாதிரிகளைப் பத்தாகப் பிரித்துச் சோதித்தால் 0.95 என்று வளைவுப் பரப்பு வரும் (1 என்றால் முழுதாகப் பிரிக்கிறது, 0.5 என்றால் வெறும் ஊகம்). அது பொய். தேர்வு செய்யும்போதே சோதனை மாதிரிகளைப் பார்த்தாகிவிட்டது. தேர்வும் ஒவ்வொரு பிரிவுக்கு உள்ளேயே நடக்க வேண்டும். நோயாளி, ஒப்பீட்டு நபர் என்ற பெயர்ச்சீட்டுகளைக் கலைத்துப் போட்டு முழு வேலையையும் மறுபடி ஓட்டுங்கள், 0.5-ஐச் சுற்றி வராவிட்டால் எங்கோ கசிவு இருக்கிறது. ஒரே நபரின் இரண்டு மாதிரிகள் பயிற்சிப் பகுதியிலும் சோதனைப் பகுதியிலும் பிரிந்து கிடப்பதும் கசிவுதான்.

இவ்வளவும் தாண்டி வந்த புரதத்துக்கு மருத்துவரின் மேசையில் என்ன மதிப்பு? மூன்று மாதத்துக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சோதனையின் உணர்திறன் (நோய் திரும்புவோரைப் பிடிப்பது) 80 சதவீதம், துல்லியம் (திரும்பாதோரைச் சரியாக விடுவிப்பது) 80 சதவீதம். நூறு பேரில் நோய் திரும்பப்போகும் 10 பேரில் 8 பேரைப் பிடிக்கும். மற்ற 90 பேரில் 18 பேருக்கும் தவறாக மணி அடிக்கும். மணி அடித்த 26 பேரில் 8 பேருக்குத்தான் உண்மையில் நோய் திரும்பும். இதை நம்பி ஸ்டீராய்டைக் கூட்டினால், கூட்டியதில் பெரும்பகுதி தேவையில்லாமல் கூட்டியது. அதே சோதனையை, காய்ச்சலோடு வந்தவரிடம் நோயா கிருமியா என்று கேட்டால், இரண்டுக்கும் ஏறக்குறைய சம வாய்ப்பு இருக்கும் இடத்தில், மணி அடித்த ஐந்தில் நான்கு சரியாக இருக்கும். ஒரே புரதம், ஒரே கருவி, பயன் வேறு. தொற்று நோயாளிகளை ஒப்பீட்டுக் குழுவில் சேர்த்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்: அந்தத் துல்லியத்தை அவர்களிடம் அளந்திருந்தால்தான் இந்தக் கணக்கைப் போடவே முடியும்.

ஒருவரைத் தொடர்ந்து கண்காணிக்க இன்னொரு எண் வேண்டும். கருவியின் மாறுபாடு 8 சதவீதம், அதே ஆளிடம் நாளுக்கு நாள் இயல்பாக ஏற்படும் மாறுபாடு 25 சதவீதம் என்றால், இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 2.77-ஆல் பெருக்க வேண்டும். சுமார் 73 சதவீதம் வரும். அதாவது 100 இருந்தது 150 ஆனாலும் அதற்கு ஒன்றும் அர்த்தம் இல்லாமல் போகலாம். இந்த இயல்பு மாறுபாட்டை அறிய, நோய் அடங்கிய சிலரிடம் சில வாரங்களுக்கு வாரம் ஒரு முறை ரத்தம் எடுத்தால் போதும். செலவு குறைவு, ஆனாலும் மிகச் சிலரே செய்கிறார்கள்.

கடைசியாக எலிசா கிட்டுக்கு மாறியபின் வரும் ஒரு சங்கடம். கிட்டின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் எண்ணும் மாறும். நோயாளியின் ஜனவரி மாதிரி பழைய லாட்டிலும் ஜூலை மாதிரி புதிய லாட்டிலும் போனால், ஏறியது புரதமா கிட்டா என்று தெரியாது. லாட் தீர்வதற்கு முன்பே, குறைந்த அளவிலிருந்து அதிக அளவு வரை பரவிய 20 மாதிரிகளை இரண்டு லாட்டிலும் அருகருகே ஓட்டி, வித்தியாசத்தை எழுதி வைத்துவிடுங்கள். அதற்கான பிளாஸ்மாவை ஆய்வு தொடங்கும் நாளிலேயே தனியாக ஒதுக்கி, வேறு எதற்கும் தொடாமல் ஃப்ரீசரில் தனி அடுக்கில் வைக்க வேண்டும்.